வசந்தாமணி குடித்த காளான் டீ

ஜூன் 9, ஞாயிறு

கொட்டகை: காலை 26 டிகிரி, ஈரப்பதம் 87. மதியம் 29, 81. மூன்று தடவை தண்ணீர் தெளித்தேன். வடக்கு மூலையில் ஒரு பையில் பச்சைப் பூசணம். எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

முதல் அறுவடை. மரத்தூள் பைகளோடு நாலு மாதம் மாரடித்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கண்ணில் தெரிந்தது. பதினேழு ரெய்ஷி காளான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், நல்ல சிவப்பு, வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பு. வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது திங்கறதுங்களா, பீரோவுக்குக் கைப்பிடி வெக்கறதுங்களா?"

சிப்பிக்காளான் மாதிரி மிளகு போட்டு வதக்குகிற சரக்கு இல்லை இது, சீவிக் காயவைத்து, கொதிக்கவிட்டு, டீயாகக் குடிக்க வேண்டும், சீனாவில் காலங்காலமாகக் குடிக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்ப அங்க யாரும் சாகறதே இல்லீங்களாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷமாக இந்த வாயோடுதான் குடித்தனம்.

இந்த நோட்டு கொட்டகைக்காக ஆரம்பித்தது. நூல் மில் லேபில் இருபத்தொன்பது வருஷம் அளந்து அளந்து எழுதிய கை. மில்லை மூடிய பிறகு இரண்டு வருஷம் சும்மா கிடந்தேன். சும்மா என்றால் முழுச் சும்மா. பத்து மணி வரை படுக்கை, வாரத்துக்கு ஒரு தடவை சவரம். இப்போது ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன்.

ஜூன் 12, புதன்

டீ தயார். ஐந்து கிராம் சீவல், நாலு டம்ளர் தண்ணீர், சிறு தீயில் ஒரு மணி நேரம். ஒரு டம்ளராகச் சுண்டும்போது சுக்கு, கருப்பட்டி. அப்படியும் கசப்பு நாக்கைப் பிடுங்குகிறது.

காளான் வளர்ப்புப் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நோய் எதிர்ப்புச் சக்தி, நல்ல தூக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் என்று இரண்டு பக்கத்துக்குப் பலன்கள் போட்டிருக்கிறது. "ஆய்வுகள் நடந்து வருகின்றன" என்று அடியில் ஒரு வரி. கடைசிப் பக்கம் பூராவும் எச்சரிக்கை. பீடிக் கட்டிலிருந்து பட்டாசு டப்பா வரைக்கும் எல்லாவற்றிலும் எச்சரிக்கை போடுகிற நாடு இது, அதையெல்லாம் படித்தால் ஒரு காரியமும் ஆகாது.

வசந்தாமணிக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் என்று முடிவு செய்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். மாதம் ஒரு தடவை கோவைக்குப் போய் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். ரத்தம் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று சொல்கிற அளவு. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் பாஸ். அந்த வால்வு கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் படுத்தால் எனக்கே கேட்கும்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா?" என்றாள்.

கீரை தின்பதற்கே கணக்குக் கேட்கிற ஆள் அவர். காளான் என்றால் ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். "டாக்டருக்கு மாத்திரை தெரியும், காளான் எனக்குத் தெரியும்" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ஜூன் 20, வியாழன்

27, 85. இரவு நன்றாகத் தூங்கினேன் என்று அவளே சொன்னாள். கேட்காமல் சொன்னாள்.

ஜூலை 3, புதன்

கோவை போய் வந்தோம். ஐ.என்.ஆர். 2.8. நடுவில் வந்து நிற்கிறது. டாக்டர் "பிரமாதம்மா, இதே மாதிரி இருங்க" என்றார். வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். பாராட்டு யாருக்குச் சேர வேண்டியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் பல்லடத்தில் இரண்டு பன் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாம் அறுவடை, இருபத்தாறு. வெயிலில் சீவல் காயப் போட்டிருக்கும்போது வசந்தாமணி முழங்கையைக் காட்டினாள். உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. தொடையிலும் ஒன்று. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள்.

காளான் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "உடம்பில் தங்கின கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி, அளவைக் கூட்டுங்க" என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. நாளையிலிருந்து சாயங்காலமும் ஒரு டம்ளர்.

ஜூலை 28, ஞாயிறு

28, 84. தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டது, ஊசியால் குத்திச் சரி செய்தேன்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதாம். பிரஷ்ஷை மாற்றிக் கொடுத்தேன்.

மச்சினன் தங்கவேலு வந்திருந்தான். இவளுக்கு ஒரே தம்பி, தாராபுரத்தில் உரக்கடை. போன வருஷம் அவனுக்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, குடும்ப வியாதி. ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினான். "எங்கக்கா மேல என்ன கோவமுங்க மாமா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தானுங்களே குடுக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியாததா?" என்றேன்.

"செரிங்க மாமா" என்றான். மரியாதை தெரிந்த பையன். நாற்பத்தெட்டு வயதானாலும் எனக்கு அவன் பையன்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐ.என்.ஆர். 2.7. டாக்டர் "ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார். வசந்தாமணி வாயைத் திறப்பதற்குள் நான் "ஒன்னும் இல்லீங்க" என்றேன். 2.7 என்று அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு என்ன தொந்தரவு?

பழைய மில் ஆட்கள் கேட்டார்கள் என்று பாக்கெட் போட்டுப் பதினொரு வீட்டுக்குக் கொடுத்தேன். லேப் அய்யா கொடுத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். வெகுநாள் கழித்து மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

வசந்தாமணிக்குக் களைப்பு. மாடிப்படி ஏறவில்லை. வெளிக்குப் போனால் கருப்பாகப் போகிறது என்றாள். கருப்பட்டியாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்குக் குளியலறையில் விழுந்துவிட்டாள். வாயிலும் மூக்கிலும் ரத்தம். உடுமலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோவை. கொட்டகைக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கவேலு நேற்று மதியமே வந்துவிட்டான். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு சின்னப் புண்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இவ்வளவு சின்னப் புண்ணுல இவ்வளவு ரத்தம் போகாதுங்க. ஐ.என்.ஆர். பார்த்தா 2.7தான் இருக்கு. எனக்குக் கணக்கு உதைக்குது. வேற ஏதாவது சாப்பிட்டாங்களா? வலி மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம், சத்து மாவு, ஏதாவது? சில பொருள் ரத்தம் ஒட்டுற தன்மையையே கெடுக்கும். அது இந்த டெஸ்ட்ல தெரியாது."

போன தடவை சொன்ன அதே பதிலைச் சொன்னேன்.

அவர் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற காரணம் இருந்தா அதை நிறுத்தினாப் போதும். இல்லைன்னா நான் மாத்திரையைக் குறைக்கணும். குறைச்சா வால்வுல ரத்தம் கட்ட வாய்ப்பிருக்கு."

யோசித்துத்தான் மறுபடியும் அதையே சொன்னேன். பக்கத்தில் இரண்டு நர்ஸ்கள், ஒரு பயிற்சி டாக்டர். தங்கவேலு கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

கண் விழித்தாள். "கொட்டாய்க்குத் தண்ணி வுட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். கொட்டகை: 33, 52. பாதிப் பைகள் காய்ந்துவிட்டன. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. "ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தவிர்க்கவும். ரத்தக்கசிவு ஏற்படலாம்." எழுத்துகூடப் பொடி எழுத்து இல்லை.

லேபுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் நான் சொல்வது ஒன்று உண்டு. நூல் எத்தனை தடிமன் என்று அளந்துவிட்டு, அளவு சரி என்றதும் பாஸ் போடாதே. இழுத்துப் பார். தடிமன் சரியாக இருக்கிற நூலும் பட்டென்று அறும். எத்தனை பேரை இதற்காக எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். என் வீட்டில் 2.8, 2.7 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு மாதம் பாஸ் போட்டேன்.

நாளைக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் வரமாட்டாராம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வந்தார். நிறையப் பேர் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை பாதி. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "வால்வுக்கு இந்த அளவு கம்மிதான். ஆனா அம்மாவோட ரத்தவாகு அப்படிப் போல. முழு மாத்திரை தாங்காது. வேற வழி தெரியலை. மூச்சு வாங்கினா, கால் வீங்கினா உடனே வந்துடணும்."

ரத்தவாகு என்று அவர் சொன்னபோது வசந்தாமணி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ அவள் உடம்பு செய்த தப்பு மாதிரி.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் அடுப்பங்கரையில் நின்று, "டீ இல்லீங்களா?" என்றாள்.

"சரக்கு தீந்துபோச்சு" என்றேன்.

அலமாரியில் கண்ணாடி ஜாடி நிறையச் சீவல் இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். "செரிங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அவள் எழுந்து போன பிறகு ஜாடியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

டீயை நிறுத்திவிட்டேன். ரத்தம் போனது டீயினால் என்றால், டீ நின்றுவிட்டது, காரணம் போய்விட்டது. அப்புறம் எதற்கு வீணாக வெளியில் சொல்லிக்கொண்டு என்று தோன்றுகிறது. ஆனால் மாத்திரை பாதிதானே என்றும் தோன்றுகிறது. இரண்டாவதை எழுதியவுடனே அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஐ.என்.ஆர். 1.7. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "கம்மியா இருக்கு. ஏத்தலாம்னா போன மாசத்தை நினைச்சுப் பயமா இருக்கு. இன்னும் ஒரு மாசம் இதே அளவு பார்ப்போம்."

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் கிளம்பினேன். பஸ்ஸில் வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். "ஒரு சின்ன விஷயமுங்க டாக்டர்" என்று ஆரம்பிக்க வேண்டியது. அறைக்குள் போனதும், அன்றைக்கு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று அவர் கேட்டால் அதற்கு என்ன பதில் என்று தெரியவில்லை. தங்கவேலு வேறு கூட இருந்தான். அடுத்த மாதம் நான் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் கோழை. லேபில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

வசந்தாமணி தெம்பாக இருக்கிறாள். கன்றல் எல்லாம் மறைந்துவிட்டது. அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைத்தாள். "மூஞ்சிய ஏனுங்க இப்படி வெச்சிருக்கறீங்க, உப்புப் பத்தலீங்களா?" என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வால்வுச் சத்தம் இப்போதெல்லாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. முன்னே அந்த டிக் டிக் தொந்தரவாக இருக்கும். இப்போது துணி சுற்றின கடிகாரம் மாதிரி மந்தமாக இருக்கிறது. உடம்பு பழகிக்கொண்டது போலிருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

காது வைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் வைத்திருந்தேன். "என்னங்க பாட்டா பாடுது?" என்றாள். மாடிப்படி ஏறாமலேயே மூச்சு வாங்குகிறது. புதன்கிழமைதான் டாக்டர் தேதி. புதன்கிழமை சொல்லிவிடுவேன். எழுதி வைக்கிறேன், சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

விடியற்காலையில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது. கார் பிடித்துக் கோவை. வால்வில் ரத்தம் கட்டி, அதன் இதழ் ஒன்று அசையாமல் மாட்டிக்கொண்டதாம். கரைக்க மருந்து ஏற்றுகிறார்கள்.

சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. டாக்டர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை என் அருகில் நின்று தோளைத் தொட்டு, "எங்களால முடிஞ்சதைப் பண்றோம்ங்க" என்றார். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார்.

அக்டோபர் 10, வியாழன்

காலை பத்து இருபது.

அக்டோபர் 27, ஞாயிறு

கருமாதி முடிந்தது. உறவு ஜனம் எல்லாம் போய்விட்டது. வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்: "நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுங்க. அந்த டீதான் புள்ளைய இத்தனை நாள் இழுத்துப் புடிச்சு வெச்சிருந்தது." தலையை ஆட்டினேன். ஒவ்வொருவருக்கும் ஆட்டினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தங்கவேலு வந்தான். அக்காவின் புடவை ஒன்றை அவன் மனைவி கேட்டாளாம். எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, எனக்கும் ஒரு பாக்கெட் குடுங்க. கசப்பாத்தான் இருக்கும், குடிச்சுப் பழகிக்கறேன். அக்கா குடிச்சதுன்னு ஒரு ஆறுதலு" என்றான்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆள். அவனும் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறான்.

சரக்கு தீர்ந்துபோச்சு என்று வாய் வரைக்கும் வந்தது. அதே வார்த்தை. அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், மாத்திரை ஏன் பாதியானது, வால்வு ஏன் அடைத்தது. கோர்வையாகச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த டீதான் காரணமுன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றான். "ஆனா டாக்டர் கேட்டப்ப அக்கா டீ குடிக்கறது எனக்குத் தெரியும். கதவுகிட்டத்தானுங்களே நின்னேன்."

"நீ ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க இல்லைன்னு சொன்னதுக்கப்பறம், நாலு பேரு முன்னால நான் இருக்குதுன்னு எப்படீங்க மாமா சொல்றது? உங்களப் பொய்யாக்கற மாதிரி ஆகிப்போகுமுங்களே." புடவைப் பையை மடியில் வைத்து அதையே தடவிக்கொண்டிருந்தான். "அக்காகிட்டயும் கேட்டாருங்க. நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க."

அது எனக்குத் தெரியாது. என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்றேன்.

"வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மான்னாரு. அக்கா 'அவரு என்னங்க சொன்னாரு?'ன்னு டாக்டரையே திருப்பிக் கேட்டா. ஒன்னும் இல்லைன்னு சொன்னாருன்னாரு. 'அப்ப ஒன்னும் இல்லீங்க'ன்னுட்டா. நான் வாயெடுக்கப் போனேன். என் கையப் புடிச்சு அழுத்தினா. டாக்டர் போனதுக்கப்பறம், 'ரெண்டு வருசமாச் செத்த பொணமாட்டக் கெடந்தாருடா, இப்பத்தான் எந்திரிச்சு நடமாடறாரு, நாம கெடுக்கக் கூடாது'ன்னா."

அவன் அழுதான். நானும் அழுதேன். அவன் கிளம்பும்போது எப்போதும் சொல்வது போல "வர்றேனுங்க மாமா" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கோவை போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மாத்திரையைக் குறைச்சிருக்க மாட்டேங்க" என்றார். சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?" என்றார். பதினொரு வீடு என்றேன். "இங்க உக்காந்திருக்காதீங்க, போங்க" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

கொட்டகையைப் பிரித்துப் பைகளை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தேன். இந்தக் காளான் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். யாருக்கு ஆகாது என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

இரண்டு நாளில் பத்து வீடு முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். அப்புறம், "என் சம்சாரம் செத்தது வியாதியில இல்லீங்க. இந்த டீய நான் குடுத்தேன், டாக்டர்கிட்டக் குடுக்கலைன்னு பொய் சொன்னேன்" என்பேன். சிலர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, பெண்டாட்டி போன துக்கத்தில் லேப் அய்யா ஏதோ பேசுகிறார் என்று என் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அந்த வீடுகளில் நானே அடுப்பங்கரை வரை போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பதினொன்றாவது, மில்லில் என்னோடு இருந்த கிட்டுசாமி வீடு. அவன் இப்போது வேறு மில்லில் பகல் ஷிப்டு. அவன் மனைவி கனகமணி கேட்டைத் திறந்தாள். போன வருஷம் அவளுக்குக் காலில் ரத்தம் கட்டி, அதிலிருந்து தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாளாம். என்ன மாத்திரை என்று வாங்கிப் பார்த்தேன். வசந்தாமணி சாப்பிட்ட அதே மாத்திரை. முழங்கைக்குக் கீழே ஊதாவாகக் கன்றியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள், பாவம், கண்கூடக் கலங்கிவிட்டது. பாக்கெட்டைக் கொடம்மா என்றேன்.

"எப்படீங்க குடுக்கறது?" என்றாள். "அவருதான் தெனமும் தவறாம குடிக்கச் சொல்லியிருக்கறாரு. அவரைக் கேக்காம நான் நிறுத்தினா நல்லா இருக்குமுங்களா?"

நாளைக் காலைக்குள் இன்னொரு டம்ளர் உள்ளே போய்விடும். ஷிப்டு முடிந்து கிட்டுசாமி வர ஆறரை ஆகும் என்றாள். அப்போது மணி மூன்று. வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவன் வருகிற வரைக்கும் அந்தக் கேட் ஓரத்திலேயே நின்றேன்.